பெயர்வடிவமும் குடிவழியும்: வைசர் குடும்பத்தின் அமெரிக்கக் குடிபெயர்வு குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு குடும்பத்தின் குடிவழியைத் தேடுவோர் முதலில் பற்றும் சான்று பெயராகும். அவர்களை முதலில் வழிதவறச் செய்வதும் பெயரேயாகும். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் நிலப்பகுதிகளிலிருந்து வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களுக்குச் சென்றோரின் பெயர்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பெயருக்கு உரியவர் ஜெர்மனின் ஏதேனும் ஒரு கிளைமொழியைப் பேசினார். அதைக் காதால் கேட்டு ஏட்டில் எழுதியவரோ பெரும்பாலும் ஆங்கிலேயர். இதனால் ஒரே மனிதர் மூன்று ஆவணங்களில் மூன்று பெயர்களுடன் காணப்படுவது இயல்பாயிற்று.

குடிவழி நூல்கள் பலவும் இவ்வேறுபாடுகளை எழுத்தர்களின் பிழை எனக் கூறி ஒதுக்கிவிடுகின்றன. ஆயின் ஒலியியல் நோக்கில் காணும்போது அவற்றுட் பெரும்பாலானவை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை என்பது புலனாகும். ஒழுங்குக்கு உட்பட்ட பிழை சான்றாகும் தகுதியுடையது. இக்கருத்தை வைசர் குடும்பத்தின் வரலாற்றைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்குடும்பத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. குடிபெயர்ந்தவருள் ஒருவரான கான்ராட் வைசர் (1696-1760) தம் கைப்படக் குடும்பக் குறிப்பொன்றை ஜெர்மனில் எழுதி வைத்துள்ளார். தாய்நாட்டுத் திருச்சபைப் பதிவேடுகளும் ஆங்கில ஆட்சியாளரின் பட்டியல்களும் இதனுடன் ஒப்பிடக் கிடைக்கின்றன. நினைவு, சமயப் பதிவு, அரசுப் பதிவு ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்துக் காணும் வாய்ப்பு எளிய குடும்பங்களுக்கு அரிதாகவே அமைகிறது.

2. குடும்பத்தின் மூலம்

வைசர் குடும்பத்தின் ஊர் தென்மேற்கு ஜெர்மனியில் வூர்ட்டம்பர்க் நாட்டைச் சார்ந்த கிரோஸாஸ்பாக் என்னும் சிற்றூராகும். கான்ராடின் முன்னோர் அவ்வூரில் ‘ஷூல்தைஸ்’ எனப்படும் ஊர்த்தலைவர் பதவியை வகித்தனர் என அவருடைய குறிப்பு தெரிவிக்கிறது. தந்தை யோஹான் கான்ராட் வைசர் ரொட்டி சுடும் தொழிலர்; வூர்ட்டம்பர்க் குதிரைப்படையிலும் பணியாற்றியவர். தாய் அன்னா மக்தலேனா, ஊபெலே குடும்பத்தில் பிறந்தவர்.

கான்ராட் பிறந்தது கிரோஸாஸ்பாக்கில் அன்று. ஹெரன்பர்க் வட்டத்து அஃப்ஸ்டேட் என்னும் ஊரில். நாள் 1696 நவம்பர் 2. அச்சேறிய குறிப்பில் இவ்வூர்ப்பெயர் ‘அஸ்டேட்’ என்ற வடிவில் காணப்படுகிறது. அவ்வூரின் அருகிலுள்ள குப்பிங்கனில் திருமுழுக்குப் பெற்றதாகவும், இச்செய்தியைத் தந்தை தமக்குக் கூறியதாகவும் கான்ராட் எழுதுகிறார். எனவே இவ்வூர்ப்பெயர் அவர் காதால் கேட்டறிந்தது. அஃப்ஸ்டேட் என்பது அஸ்டேட் என மாறியதற்கு இரு விளக்கங்கள் கூறலாம். அடுத்தடுத்து வரும் மெய்களுள் ஒன்று பேச்சில் கெட்டிருத்தல் கூடும். அன்றியும், அக்கால ஜெர்மன் கையெழுத்தில் ஸகரத்துக்குரிய நீண்ட எழுத்தும் ஃபகரத்துக்குரிய எழுத்தும் ஒரு குறுக்குக் கோட்டளவே வேறுபட்டவை. படியெடுத்தவர் ஒன்றை மற்றொன்றாகப் படித்திருத்தலும் கூடும். எவ்வாறாயினும் அஸ்டேட் என்னும் ஊரை நிலப்படத்தில் தேடுவோர் அதனைக் காணார். ஹெரன்பர்க், குப்பிங்கன் என்னும் இரு பெயர்களும் உடன் குறிக்கப்பட்டமையாலேயே ஊரை உறுதிசெய்ய இயன்றது. ஐயத்துக்குரிய பெயரை அதன் அண்டைப் பெயர்களைக் கொண்டு தெளிதல் வேண்டும் என்னும் நெறி இதனாற் பெறப்படும்.

திருச்சபைப் பதிவேடுகளைப் பயன்படுத்துவோர் இரு பெயர் மரபுகளை அறிந்திருத்தல் இன்றியமையாதது. முதலாவது, ஆண்மக்களுக்கு யோஹான் என்னும் முற்பெயரை இடும் வழக்கம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவரும் யோஹானாக இருத்தல் கூடும். அழைக்கும் பெயர் இரண்டாவதாக வருவதே. இதை அறியாத ஆங்கில எழுத்தர் அனைவரையும் ‘ஜான்’ என எழுதிச் சென்றார். இரண்டாவது, பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ என்னும் பெண்பால் விகுதியைச் சேர்க்கும் வழக்கம். முல்லர் குடும்பத்துப் பெண் பதிவேட்டில் முல்லரின் எனப்படுவாள். விகுதியைப் பெயரின் பகுதியெனக் கொண்டால், இல்லாத ஒரு குடும்பம் ஏட்டில் தோன்றிவிடும்.

3. ‘பாலட்டைன்’ என்னும் பொதுப்பெயர்

1707இல் பிரெஞ்சுப் படை வூர்ட்டம்பர்க்கினுட் புகுந்தது. 1708-09ஆம் ஆண்டுக் கடுங்குளிர் ரைன் ஆற்றுப் பகுதியின் திராட்சைக் கொடிகளையும் கனிமரங்களையும் அழித்தது. கோகர்தால் என்னும் போதகர் 1706இல் வெளியிட்ட கரோலினா பற்றிய நூல், ஆங்கில அரசியின் ஆதரவில் நிலம் கிட்டும் என்னும் நம்பிக்கையை மக்களிடையே பரப்பியது. அரசியின் உருவமும் பொன்னெழுத்தும் கொண்டிருந்தமையால் அது ‘பொன்னேடு’ என வழங்கப்பட்டது. 1709ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 13,000 பேர் ரைன் வழியாகச் சென்று லண்டனை அடைந்தனர். நகர்ப்புறத்து வெளிகளில் கூடாரங்களில் தங்க வைக்கப்பட்டனர்.

ஆங்கிலேயர் இவர்கள் அனைவரையும் ‘பாலட்டைன்’ என ஒரே பெயரால் அழைத்தனர். பாலட்டினேட் என்பது ரைன் கரையில் அமைந்த ஒரு தனி நாடு. வந்தவருள் அந்நாட்டார் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் ஹெஸ்ஸே, நாசௌ, வூர்ட்டம்பர்க் முதலிய நாடுகளிலிருந்தும் மக்கள் வந்தனர். வைசர் குடும்பம் பாலட்டினேட்டைச் சார்ந்ததன்று. ஆங்கில ஆவணத்தில் ‘பாலட்டைன்’ எனக் கண்டவுடன் அந்நாட்டுப் பதிவேடுகளில் மட்டுமே தேடியோர் பலர் வெறுங்கையுடன் திரும்பியுள்ளனர். அச்சொல் பிறந்த இடத்தைக் குறிப்பதன்று. வந்தேறிய கூட்டத்தைக் குறிப்பது.

வைசர் குடும்பம் புறப்பட்ட சூழல் துயர் மிக்கது. 1709 மே மாதத்தில் தாய் இறந்தார். அடுத்த மாதம் 24ஆம் நாள் தந்தை எண்மர் மக்களுடன் ஊரை விட்டு நீங்கினார். மார்கரெட்டா, மக்தலேனா, சபீனா, பார்பரா என்னும் பெண்மக்களும் கான்ராட், கேயார்க் ஃபிரீட்ரிக், கிறிஸ்டோஃப், யோஹான் ஃபிரீட்ரிக் என்னும் ஆண்மக்களும் உடன் சென்றனர். மணமாகியிருந்த மூத்தமகள் கத்தரீனா தாய்நாட்டிலேயே தங்கினாள். வீடு, வயல், புல்வெளி, திராட்சைத் தோட்டம் ஆகியவற்றைத் தந்தை அவளுக்கும் அவள் கணவனுக்கும் விற்றார். கைக்கு வந்தது 75 கில்டர். எஞ்சிய 600 கில்டர் பின்னர் தரப்படுவதாயிருந்தது; அது ஒருபோதும் வந்து சேரவில்லை என்றும், அதனை அவர்களுக்கே கொடையாக விட்டுவிட நேர்ந்தது என்றும் கான்ராடின் குறிப்பு முடிக்கிறது. இரண்டு கண்டங்களில் இக்குடும்பம் கிளைத்தமை இந்த நிலுவைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

4. நினைவும் எண்ணிக்கையும்

1709 டிசம்பரில் கப்பலேறியதாகவும், பத்துக் கப்பல்களில் ஏறத்தாழ 4,000 பேர் அனுப்பப்பட்டதாகவும், 1710 ஜூன் 13 அன்று நியூயார்க்கில் நங்கூரமிட்டதாகவும் கான்ராட் எழுதுகிறார். அரசுப் பதிவுகளின்படி புறப்பட்டோர் ஏறத்தாழ 2,800 பேரே. பயணத்திலும் கரை சேர்ந்த சில வாரங்களிலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பதின்மூன்று வயதுச் சிறுவனின் கண்களுக்குக் கூட்டம் பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஊர், உறவு, இறப்பு ஆகியவற்றில் அவர் நினைவு நம்பத்தக்கது; எண்ணிக்கையில் அரசுப் பதிவே நம்பத்தக்கது. ஒரு சான்றின் ஒரு கூறு தவறெனக் கண்டமையால் முழுச் சான்றையும் தள்ளுதல் முறையன்று.

நாள்கள் பற்றியும் ஒரு கருத்து ஈண்டுக் கூறத்தக்கது. வூர்ட்டம்பர்க் முதலிய சீர்திருத்தச் சபை நாடுகள் 1700இல் புதிய நாள்காட்டியை ஏற்றன. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை பழைய நாள்காட்டியையே பின்பற்றின. இடைவெளி 11 நாள். புறப்பட்ட நாளும் சேர்ந்த நாளும் அவ்வவ்விடத்து நாள்காட்டிப்படி குறிக்கப்பட்டவை எனக் கொண்டால், நியூயார்க்கின் ஜூன் 13 வூர்ட்டம்பர்க்கில் ஜூன் 24 ஆகும். அவ்வாறாயின் வீட்டைவிட்டு நீங்கி அமெரிக்கக் கரையைக் காணும்வரை கழிந்தது சரியாக ஓர் ஆண்டு. திருமுழுக்கு நாளை ஒரு நாட்டுப் பதிவேட்டிலும் அகவையை மற்றொரு நாட்டுப் பதிவேட்டிலும் காண்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

5. பட்டியல்களும் பிரிக்கப்பட்ட மக்களும்

குடியேறியவர்கள் ஆங்கிலக் கடற்படைக்கு வேண்டிய தாரினைப் பைன் மரங்களிலிருந்து எடுத்துத் தருவதற்காக ஹட்சன் ஆற்றங்கரையில் அமர்த்தப்பட்டனர். ஆளுநர் ராபர்ட் ஹண்டர் அவர்களுக்கு வழங்கிய உணவுக்குக் கணக்கு வைத்தார். 1710 முதல் 1712 வரையிலான இவ்வுணவுக் கணக்குகள் இன்று குடிவழி ஆய்வின் அடிப்படைச் சான்றுகளாகும். குடும்பத்தலைவரின் பெயரும், பத்து வயதுக்கு மேற்பட்டோர், உட்பட்டோர் ஆகியோரின் தொகையும் அவற்றில் உள்ளன. ஒரு கணக்கில் குறையும் எண் இறப்பையோ பிரிவையோ சுட்டும். கூடும் எண் பிறப்பையோ மறுமணத்தையோ சுட்டும். ஹென்றி ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர் இக்கணக்குகளை ஜெர்மன் சபைப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டு 847 குடும்பங்களின் வரலாற்றை 1985இல் வெளியிட்டார்.

மற்றொரு பட்டியலும் உண்டு. அநாதைகளும், பெற்றோர் பேண இயலாத பிள்ளைகளும் 1710 முதல் 1714 வரை நியூயார்க், லாங் ஐலண்ட் முதலிய இடங்களிலுள்ள குடும்பங்களில் ஒப்பந்தப்படி வேலைக்கு விடப்பட்டனர். வைசரின் மக்களுள் கேயார்க் ஃபிரீட்ரிக்கும் கிறிஸ்டோஃபும் லாங் ஐலண்டுக்கு அனுப்பப்பட்டனர். தந்தை அப்போது நோயுற்றிருந்தார் என்றும், அவர் இசைவுடன் ஆளுநர் இதனைச் செய்தார் என்றும் கான்ராட் எழுதுகிறார். கப்பலில் தந்தையை இழந்த யோஹான் பீட்டர் ட்சேங்கர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவனும் இவ்வாறே அச்சகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டான். அவனே பின்னாளில் ஜான் பீட்டர் செங்கர் என்னும் பெயரில், 1735இல் நிகழ்ந்த புகழ்பெற்ற பத்திரிகை உரிமை வழக்கில் விடுதலை பெற்றவன்.

பெயர்வடிவ ஆய்வின் உண்மையான பயன் இப்பட்டியலிலேயே தெரிகிறது. ஆங்கிலக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை தாய்மொழியை இழக்கிறது. தன் பெயரைத் திருத்திச் சொல்லவும் அதனால் இயலாது. எழுத்தர் எழுதியதே அதன் பெயராகிவிடுகிறது. அவ்வெழுத்துவடிவத்தின் பின்னுள்ள ஒலியை மீட்டால் மட்டுமே அப்பிள்ளையை அதன் தாயுடன் ஏட்டிலேனும் சேர்க்க முடியும்.

6. பெயர்மாற்றத்தின் ஒழுங்குகள்

மாற்றங்களின் ஒழுங்கை அறிய மிகச் சிறந்த தரவு பிலடெல்ஃபியாத் துறைமுகப் பட்டியல்களாகும். 1727 முதல் அங்கு வந்திறங்கிய, பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஜெர்மானிய ஆண்கள் அரசுக்கு உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தது. கப்பல் தலைவரின் பட்டியல், பற்றுறுதிப் பட்டியல், மறுப்புறுதிப் பட்டியல் என மூவகை ஏடுகள் எழுந்தன. முன்னது ஆங்கிலேயர் காதால் கேட்டு எழுதியது. பின்னவற்றில் எழுத்தறிந்தோர் தாமே கையொப்பமிட்டனர். ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்க்கே ஆகியோர் 1934இல் இவற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். ஒருவரின் பெயரை அவர் எழுதியவாறும் பிறர் கேட்டவாறும் ஒருங்கே காட்டும் இத்தரவுகளிலும் பின்னைய பெயர் வழக்கிலும் காணப்படும் மாற்றங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, இதழ்குவிந்த முன்னுயிர்கள் இதழ்விரிந்து ஒலித்தல். இது தென்மேற்குக் கிளைமொழிகள் பலவற்றுக்கும் பொது. முல்லர் ‘மில்லர்’ ஆனது இதனாலேயே. ஆங்கிலத்தில் மாவரைப்போனைக் குறிக்கும் சொல்லும் அதுவேயாதலின் மாற்றம் நிலைபெற்றது.

இரண்டாவது, ஒலிப்பிலா வெடிப்பொலிகளும் ஒலிப்புடை வெடிப்பொலிகளும் மயங்குதல். இதனை ஆங்கிலேயருக்கு விளக்குவது கடினம்; தமிழருக்கு எளிது. ககரம் ஒன்றே இருவகை ஒலிக்கும் எழுத்தாக நிற்கும் தமிழ் நெடுங்கணக்கைப் போன்றே, அக்கிளைமொழிகளிலும் இவ்வேறுபாடு பொருள் வேறுபடுத்தும் வலிமையைப் பெரிதும் இழந்திருந்தது. ஆங்கில எழுத்தர் தம் காதுக்கேற்ப ஒருமுறை வல்லொலியாகவும் மறுமுறை மெல்லிய ஒலிப்புடை ஒலியாகவும் எழுதினார். கிரேயன்பூல் என்னும் சுவிஸ் பெயர் அமெரிக்காவில் ‘கிரேபில்’ எனவும் ‘கிரேபியல்’ எனவும் பிரிந்தது. முன்னதில் முதலெழுத்து ஒலிப்புடையது, பின்னதில் ஒலிப்பிலாதது. ஈற்றயல் உயிர் இதழ்விரிந்ததும் இப்பெயரில் காணத்தக்கது.

மூன்றாவது, உயிரிடைப்பட்ட பகர ஒலி வகரமாதல். 1738இல் பிலடெல்ஃபியாவில் இறங்கிய ஆண்ட்ரியாஸ் ஹூபரின் வழியினர் ‘ஹூவர்’ ஆயினர். அவ்வழியில் வந்த ஹெர்பர்ட் ஹூவர் 1929இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். 1741இல் வந்த ஐசன்ஹவர் குடும்பத்தின் பெயரில் மாறியது எழுத்துக்கூட்டு மட்டுமே. ஒலி பெரிதும் மாறவில்லை.

நான்காவது, மொழிபெயர்ப்பு. ட்சிம்மர்மன் ‘கார்பெண்டர்’ ஆனார்; இரண்டுக்கும் பொருள் தச்சர். இங்கு ஒலி உதவாது, பொருளே வழிகாட்டும். ஒலிமாற்றம் கேட்டவரால் நிகழ்வது; மொழிபெயர்ப்போ பெரும்பாலும் உரியவரின் இசைவுடன் நிகழ்வது. ஆகவே மொழிபெயர்க்கப்பட்ட பெயர் அக்குடும்பம் ஆங்கிலச் சமூகத்துடன் இணைய விரும்பிய காலத்தையும் சுட்டவல்லது.

வைசர் குடும்பத்தார் இத்துறைமுகப் பட்டியல்களில் இல்லை. அவர்கள் 1710இல் நியூயார்க் வழியாக வந்தவர்கள். தார்த் தொழில் தோற்று, 1712 செப்டம்பரில் உணவு நிறுத்தப்பட்டபோது பலர் ஸ்கோஹாரிப் பள்ளத்தாக்குக்குச் சென்றனர். தலைவரின் பெயரால் அங்கு ‘வைசர்ஸ்டார்ஃப்’ என்னும் ஊர் எழுந்தது. இன்று அது மிடில்பர்க் எனப்படுகிறது. நில உரிமை பற்றி முறையிட 1718இல் லண்டன் சென்ற தந்தை 1723இல் வெறுங்கையுடன் திரும்பினார். அவ்வாண்டே ஒரு பகுதியினர் சஸ்குவெஹானா ஆற்றின் வழியே பென்சில்வேனியாவின் டல்பஹாக்கனை அடைந்தனர். கான்ராட் 1729இல் அங்குக் குடியேறினார். நிலவழி வந்தோரைத் துறைமுகம் பதிவு செய்வதில்லை. ஒரு பட்டியலில் பெயர் இல்லாமை அக்குடும்பம் வராமைக்குச் சான்றாகாது.

7. அன்னா ஏவா யார்?

1720 நவம்பர் 22 அன்று தந்தையின் வீட்டில் தம் திருமணம் நடந்ததைக் கான்ராட் குறிக்கிறார். மணமகளை ‘என் அன்னா ஏவா’ என்னும் அளவில் நிறுத்துகிறார். குடும்பப் பெயர் கூறவில்லை. கான்ராட் இளமையில் மோஹாக் இந்தியரிடையே வாழ்ந்தவராதலின், மனைவி மோஹாக் பெண் என்னும் கதை இவ்வெற்றிடத்தில் முளைத்துப் பல நூல்களில் இடம்பெற்றது. சபைப் பதிவேடுகளும் குடியேற்றப் பட்டியல்களும் அவர் ஃபெக் என்னும் ஜெர்மானியக் குடும்பத்தவர் என்பதைக் காட்டின. பெயரின் ஈற்றொலி ஆவணங்களில் சிலவிடத்து ஒலிப்பிலா ககரமாகவும் சிலவிடத்து ஒலிப்புடைக் ககரமாகவும் எழுதப்பட்டுள்ளது. ஆங்கில எழுத்தில் இவை இரு குடும்பங்கள் போலத் தோன்றும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. மேற்கூறிய இரண்டாம் ஒழுங்கை அறிந்தவர் இங்கு ஒரே குடும்பத்தைக் காண்பார்.

கான்ராடுக்கும் மற்றொரு பெயர் வாய்த்தது. 1712ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை அவரை மோஹாக் மக்களிடம் மொழி கற்க அனுப்பினார். பதினாறு வயதில் பசியிலும் குளிரிலும் எட்டு மாதம் அங்கிருந்து கற்றார். 1731 முதல் பென்சில்வேனிய அரசுக்கும் இரோக்வாய் மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக விளங்கினார். மோஹாக் மொழியில் பகர, மகர ஒலிகள் இல்லை. மேரி என்னும் பெயர் அங்கு ‘வாரி’ ஆகும். கான்ராடின் பெயரை அம்மக்கள் திரிக்கவில்லை. ‘வானத்தைத் தாங்குபவர்’ எனப் பொருள்படும் ‘தராகியவாகோன்’ என்னும் புதுப்பெயரையே சூட்டினர். ஆங்கிலேயர் அவர் பெயரைக் கேட்டவாறு எழுதினர். இரோக்வாயர் அவரை அறிந்தவாறு அழைத்தனர்.

8. ஹாலேயும் ஒரு கட்டுக்கதையும்

கான்ராடின் மகள் அன்னா மரியா 1745இல் ஹைன்ரிக் மெல்கியோர் முலன்பர்க் என்னும் போதகரை மணந்தாள். இவரை 1742இல் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள ஃபிராங்கே நிறுவனமாகும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு பயின்றதும் ஹாலேயிலேயே. தமிழ் ஓலைச்சுவடிகளைக் காக்கும் அதே காப்பகத்தில் முலன்பர்க்கின் அமெரிக்கக் கடிதங்களும் உள்ளன. தரங்கம்பாடி அறிக்கைகளைப் போலவே பென்சில்வேனியா அறிக்கைகளையும் ஹாலே அச்சிட்டு வெளியிட்டது. டல்பஹாக்கனின் குடும்பச் செய்திகளைத் தேடும் ஆய்வாளரும் தமிழ் உரைநடை வரலாற்றைத் தேடும் ஆய்வாளரும் ஒரே படிப்பறையில் அமர நேர்வது இதனாலேயே.

இத்திருமணத்தில் பிறந்த ஃபிரடரிக் முலன்பர்க் 1789இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் முதல் தலைவரானார். இவருடைய ஒரு வாக்கினால் ஜெர்மன் அந்நாட்டின் ஆட்சிமொழியாகும் வாய்ப்பை இழந்தது என்னும் கதை இன்றும் வழங்குகிறது. உண்மை வேறு. வர்ஜீனியாவின் ஜெர்மானியர் 1794இல் வேண்டியது சட்டங்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை மட்டுமே. 1795 ஜனவரியில் 42-41 எனத் தோற்றதும் இவ்வேண்டுகோளை ஆராய்வதை ஒத்திவைக்கும் நடைமுறைத் தீர்மானமே. ஆட்சிமொழி பற்றிய வாக்கெடுப்பு நிகழவேயில்லை. அன்னா ஏவாவின் கதையைப் போன்றே இதுவும் ஆவணத்தின் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் படித்தமையால் விளைந்ததாகும்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். பெயரின் எழுத்துவடிவம் உரியவரின் கிளைமொழியையும் எழுதியவரின் செவியையும் ஒருங்கே பதிவு செய்கிறது. அவ்விரண்டையும் பிரித்தறியும் முறை கைவந்தால் எழுத்துப்பிழை எனப்படுவது குடும்பத்தின் ஊருக்கு இட்டுச்செல்லும் வழியாகும். ‘பாலட்டைன்’ போன்ற பொதுப்பெயர்களும், நாள்காட்டி வேறுபாடும், பட்டியலில் பெயர் இன்மையும் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் இடங்களாகும்.

தந்தை வைசர் 1746இல் டல்பஹாக்கனில், மகனின் ஊரில் இறந்தார். கிறிஸ்டோஃபும் பின்னர் பென்சில்வேனியாவில் உறவினருடன் சேர்ந்தார். ஒரு குறிப்பேட்டை எழுதி வைக்க ஒரு மகன் இருந்தமையால் இக்குடும்பத்தின் கதை நமக்குக் கிட்டியது. லாங் ஐலண்டுக்கும் பிற இடங்களுக்கும் விடப்பட்ட ஏனைய பிள்ளைகளுக்குக் குறிப்பேடு இல்லை. எழுத்தர் ஒருவர் தவறாகக் கேட்டு எழுதிய ஒரு பெயரே அவர்களைப் பற்றி எஞ்சியுள்ள சான்றாகும். அதனைப் பிழையெனத் தள்ளாமல் படித்தறிவது மொழியியலாரின் கடனாகும்.